கேளாமற் கிடைக்க வேண்டிய பொருள்

வீட்டிலே நாம் பெயர் சொல்லக் கூசும் நிகழ்ச்சிகள் சில உண்டு. பெண்மக்களுக்கு மாதந்தோறும் நிகழும் உடல் நிகழ்ச்சி அவற்றுள் ஒன்று. 'தூரம்' என்கிறோம், 'விலக்கு' என்கிறோம், 'தீட்டு' என்றும் சொல்லிவிடுகிறோம். தொல்காப்பியம் 'பூப்பு' என்னும் இனிய சொல்லால் குறித்த ஒன்று, பிற்கால வழக்கிலே தள்ளிவைத்தலைக் குறிக்கும் சொற்களால் மூடப்பட்டுவிட்டது. அரசாங்கச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கும் பணியில் உள்ள நாமும் 'மாதவிடாய்' என்று நேராக எழுதத் தயங்கி, 'மகளிர் சுகாதாரம்' என்று பொதுப்பட எழுதிவிட்டுப் பின்னர் அதை அடித்துத் திருத்தியதுண்டு.

எழுதுகோல் பிடித்த நடுவயதினருக்கே இத்தயக்கம் என்றால், பன்னிரண்டு வயதுச் சிறுமியின் நிலை என்ன? பெயர் சொல்ல முடியாத ஒன்றுக்கு வேண்டிய பொருளை அவள் யாரிடம், எவ்வாறு கேட்பாள்? பள்ளி மாணவியருக்கு இலவசமாக நாப்கின் வழங்கும் திட்டங்களின் வரலாறு, ஒருவகையில் இந்த வினாவுக்கு விடை தேடிய வரலாறே ஆகும்.

அந்த வரலாறு ஒரு போர்க்களத்தை அடுத்துத் தொடங்குகிறது. முதல் உலகப் போரின்போது, பஞ்சுக்கு மாற்றாக மரக்கூழிலிருந்து செய்த மெல்லிழைப் பொருள் ஒன்றை அமெரிக்காவின் கிம்பர்லி-கிளார்க் நிறுவனம் படை மருத்துவமனைகளுக்கு அளித்தது. காயங்களுக்குக் கட்டுப்போட வந்த அப்பொருளைச் செவிலியர் தம் மாதாந்தரத் தேவைக்கும் பயன்படுத்திக்கொண்டனர். போர் முடிந்தபின், 1920-ல், அதுவே 'கோடெக்ஸ்' என்னும் பெயருடன் கடைக்கு வந்தது. ஆனால் ஆடவர் நிற்கும் கடையில் அதை வாய்விட்டுக் கேட்கப் பெண்கள் நாணினர். ஆகவே, பல கடைகளில் நாப்கின் பெட்டிகளை வெளியே அடுக்கி, அருகில் காசுப் பெட்டி ஒன்றையும் வைத்தார்கள். காசைப் போட்டுவிட்டுப் பேசாமல் எடுத்துச் செல்லலாம். பொருளைக் கண்டுபிடித்ததோடு வேலை முடியவில்லை. கேட்கும் சங்கடத்தைப் போக்கும் வழியையும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நம் ஊர்க் கடைகளில் இப்பொருளைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் இட்டுத் தரும் வழக்கமும் அதே சங்கடத்தின் மறுவடிவமே.

நம் நாட்டில் நெடுங்காலம் பழந்துணியே பயன்பட்டு வந்தது. துணி தன்னளவில் தீங்கானதன்று. நன்கு துவைத்து வெயிலில் உலர்த்தினால் அதுவும் தூயதே. ஆனால் வெயிலில் உலர்த்தினால் பிறர் கண்ணில் படுமே! அதனால் அது பிற ஆடைகளுக்கு அடியிலும் இருட்டு மூலையிலும் ஈரம் காயாமல் கிடந்தது. நோய்க்கு வழி வகுத்தது துணியைக் காட்டிலும் கூச்சமே எனலாம். பள்ளிக்குச் செல்லும் பெண்ணுக்கோ இன்னும் ஓர் இடர் உண்டு. மாற்றிக்கொள்ள இடமும் தண்ணீரும் இல்லாத பள்ளிகளில், மாதத்தில் சில நாள் வராதிருப்பதே அவளுக்கு எளிதாயிற்று. அந்நாள்களில் நடந்த பாடம் அவளுக்குக் கிட்டாமலே போயிற்று.

2011-ஆம் ஆண்டில் மத்திய சுகாதார அமைச்சகம் இத்துறையில் இறங்கியது. 17 மாநிலங்களில் 107 மாவட்டங்களைத் தேர்ந்து, கிராமப்புறப் பெண்களுக்கு ஆறு நாப்கின்கள் கொண்ட ஒரு பொட்டலத்தை 6 ரூபாய்க்குக் கொடுக்க ஏற்பாடு செய்தது. 'ஃப்ரீடேஸ்' என்பது அதன் பெயர். ஆஷா பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று அதை விற்றனர். நல்ல முயற்சிதான். ஆயினும் ஆறு ரூபாய் என்பது சிறுமியின் கையில் இல்லாத பணம். அதைத் தந்தையிடமோ தமையனிடமோ கேட்கவேண்டும். கேட்டால் காரணமும் சொல்லவேண்டும். விலை எவ்வளவு குறைந்தாலும், விலை என்று ஒன்று இருக்கும்வரை இந்தக் கேள்வி அவளை விடாது.

இக்கண்ணோட்டத்தில் பார்த்தால், தமிழ்நாட்டு அரசாங்கம் 2011-ல் அறிவித்து 2012-ல் தொடங்கிய 'புது யுகம்' திட்டத்தின் சிறப்பு விளங்கும். 10 முதல் 19 வயது வரையுள்ள கிராமப்புறப் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஆறு நாப்கின்கள் கொண்ட மூன்று பொட்டலங்கள் விலையின்றி வழங்கப்பட்டன. பள்ளி செல்வோருக்குப் பள்ளியிலும், செல்லாதோருக்கு அங்கன்வாடி வாயிலாகவும் கிடைத்தன. அரசு மருத்துவமனையில் மகப்பேறு அடைந்த தாய்மாரும் சிறையிலுள்ள பெண்களும் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். பள்ளியிலே பகலுணவு அளித்துப் பிள்ளைகளை வரவழைத்த நாட்டுக்கு, பள்ளியிலே இதையும் அளிக்கலாம் என்னும் எண்ணம் தோன்றியது வியப்பன்று.

அதே தமிழ்நாட்டிலிருந்து வேறொரு முயற்சியும் எழுந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம், தம் மனைவி பழந்துணியைப் பயன்படுத்துவதைக் கண்டு, மலிவாக நாப்கின் செய்ய முயன்றார். பஞ்சைக் கொண்டு செய்தவை பயன்படவில்லை. பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துவது மரக்கூழின் இழை என்பதை அவர் அறியவே ஈராண்டுகளுக்கு மேல் ஆயிற்று. போர்க்கால மருத்துவமனையில் பயன்பட்ட அதே மரக்கூழ்தான்! பின்னர் அவர் வடிவமைத்த சிறு இயந்திரம் பல மாநிலங்களில் மகளிர் குழுக்களின் கைக்குச் சென்றது. தெரிந்த பெண்ணொருத்தி செய்து, தெரிந்த பெண்ணுக்கே கொடுக்கும்போது கேட்பதும் எளிதாகிறது அன்றோ? 2016-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பிற மாநிலங்களும் பின்தங்கி நிற்கவில்லை. கர்நாடகம் 2013-14-ல் 'சுசி' திட்டத்தையும், கேரளம் 2017-ல் 'ஷீ பேடு' திட்டத்தையும், ஒடிசா 2018-ல் 'குஷி' திட்டத்தையும், ஆந்திரம் 2021-ல் 'ஸ்வேச்சா' திட்டத்தையும் மாணவியருக்காகத் தொடங்கின. சிக்கிம் 2022-ல் பள்ளிகளில் நாப்கின் வழங்கும் இயந்திரங்களை அமைக்க முற்பட்டது. 2017 ஜூலையில் சரக்கு-சேவை வரி வந்தபோது நாப்கின்மீது 12 சதவீதம் விதிக்கப்பட்டது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின், 2018 ஜூலையில் அது முற்றிலும் நீக்கப்பட்டது. 15 முதல் 24 வயதுவரை உள்ள பெண்களுள் சுகாதாரமான முறையைக் கைக்கொள்வோர், தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2015-16-ல் நூற்றுக்கு 57.6 பேர்; 2019-21-ல் 77.3 பேர்.

முன்னேற்றம் மெய்யே. ஆயினும் திட்டம் வேறு, உரிமை வேறு. கர்நாடகத்தின் திட்டம் இடையில் சில ஆண்டுகள் நின்றுபோய், 2024-ல்தான் மீண்டும் நடைபெறலாயிற்று. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பள்ளியை நம்பியிருந்த விநியோகம் தடைப்பட்டது. ஊரடங்கில் விற்கத்தக்க அத்தியாவசியப் பொருள்களுள் நாப்கினும் அடங்கும் என்பதையே, ஊரடங்கு தொடங்கிச் சில நாள் கழித்து அரசாங்கம் தனியே விளக்கவேண்டியிருந்தது. மாநிலந்தோறும் விதியும் வேறு. தந்தைக்கு வேலை மாற்றம் வந்து தமிழ்க் குடும்பம் ஒன்று ஒரு மாநிலத்தினின்று இன்னொரு மாநிலத்துக்குப் பெயர்ந்தால், அக்குடும்பத்துப் பெண்ணுக்கு நேற்றுப் பள்ளியில் கிடைத்தது இன்று கிடைக்காமற் போகலாம். அரசுப் பள்ளியை விட்டுத் தனியார் பள்ளியில் சேர்ந்தாலும் அப்படியே. ஊர் ஊராக இடம்பெயர்ந்து வாழும் நம்மவர் இதை எளிதில் உணர்வர்.

இந்நிலையில், 2022-ல் ஜெயா தாக்குர் என்னும் சமூக ஊழியர் தொடுத்த வழக்கில், நாடு முழுமைக்கும் ஒரே சீரான கொள்கை வகுக்குமாறு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசாங்கத்துக்கு ஆணையிட்டது. 2024-ல் அக்கொள்கை வகுக்கப்பட்டது. 2026 ஜனவரி 30-ல் அளித்த தீர்ப்பிலோ, மாதவிடாய்க்கால நலம் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையில் அடங்கியதே என்று நீதிமன்றம் அறிவித்தது. அரசுப் பள்ளியாயினும் தனியார் பள்ளியாயினும் நாப்கினை இலவசமாக அளிக்கவேண்டும். கூடுமானவரை கழிப்பறை வளாகத்திலேயே இயந்திரத்தின் வாயிலாகக் கிடைக்கச் செய்யவேண்டும் என்பது ஆணை.

கழிப்பறை வளாகத்திலேயே என்னும் அச்சிறு குறிப்பை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். தலைமையாசிரியர் அறையின் பூட்டிய அலமாரியில் நாப்கின் இருந்தால், அது இலவசமானாலும் கேட்டே பெறவேண்டும். சாவி யாரிடம் என்று தேடவேண்டும். வகுப்பில் எழுந்து நின்று அனுமதி பெறவேண்டும். கேட்கத் துணியாதவள் அன்று வீடு திரும்புவாள். கடையில் காசுப் பெட்டி வைத்தவர்கள் நூறாண்டுகளுக்கு முன் உணர்ந்ததைச் சட்டமும் இப்போது உணர்ந்திருக்கிறது.

எனினும் தீர்ப்பு தானே நடவாது. இயந்திரம் இருந்தால் அதை நிரப்ப ஆள் வேண்டும். கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் வேண்டும். பயன்படுத்தியதை இட மூடியுள்ள தொட்டியும் அதை அப்புறப்படுத்த முறையும் வேண்டும். இவை உள்ளனவா என்று அறிய ஒரு வழியே உண்டு. பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்பதே அது. மொழி தெரியாத ஊராயிற்றே என்றோ, இதையெல்லாம் தாய்மார் பார்த்துக்கொள்வர் என்றோ தந்தையர் ஒதுங்குதல் தகாது. நம் பெண்மக்கள் கேளாமலே பெறவேண்டுமாயின், அவர்களுக்காக நாம் வாய் திறந்து கேட்டே ஆகவேண்டும்.