வெப்பத்தை அளக்கக் கற்ற மருத்துவம்

புற்றுநோய்க் கட்டியை ஏறத்தாழ 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் வலுவூட்டுவது ஹைப்பர்தெர்மியா சிகிச்சை. கட்டியின் எல்லாப் பகுதியிலும் போதிய சூடு, போதிய நேரம் நின்றதா என்று அளந்து உறுதிசெய்வதே இதன் தரக் கட்டுப்பாடு. அந்த அளவீடு சிகிச்சையைவிட வெகுகாலம் பிந்தி வந்தது.

1866இல் ஜெர்மன் மருத்துவர் புஷ், தோல்தொற்றால் வந்த கடும் காய்ச்சலுக்குப் பின் ஒருவரின் முகக்கட்டி மறைந்ததைப் பதிவுசெய்தார். 1898இல் ஸ்வீடனின் வெஸ்டர்மார்க் கருப்பைவாய்ப் புற்றுக்கு வெந்நீர் ஓடும் சுருள்குழாயைப் பயன்படுத்தினார். 1975இல் வாஷிங்டனில் இத்துறையின் முதல் சர்வதேச மாநாடு கூடியது. மைக்ரோவேவ் கருவிகளும் மருத்துவமனைகளுக்குள் வந்தன.

ஆனால் உடலுக்குள் சூடு சீராகப் பரவுவதில்லை. ரத்த ஓட்டம் அதை அடித்துச் செல்கிறது. திசுக்கள் மாறும் எல்லைகளில் சூடு குவிகிறது. சாதாரண உலோகக் கம்பியுள்ள வெப்பமானியோ மின்காந்த அலையில் தானே சூடேறித் தவறான எண்ணைக் காட்டும். மின்தடை மிகுந்த கம்பிகளும், பின்னர் ஒளியிழை உணரிகளும் இக்குறையைத் தீர்த்தன.

கருவிகள் கட்டியை முழுவதும் சூடாக்குகின்றனவா என்ற கேள்வி மட்டும் தீரவில்லை. அமெரிக்காவின் ஆர்.டி.ஓ.ஜி. கூட்டுக்குழு பல மருத்துவமனைகளில் நடத்திய சோதனையில், கதிர்வீச்சுடன் வெப்பம் சேர்த்தவர்களுக்கு மொத்தத்தில் கூடுதல் பலன் தெரியவில்லை. 3 செ.மீ.க்குச் சிறிய கட்டிகளில் மட்டும் பலன் இருந்தது. பெரிய கட்டிகளைச் சூடாக்க அன்றைய கருவிகளால் முடியவில்லை என்பது அப்போது வெளிப்பட்டது. வெப்பமே பயனற்றது என்று பலர் கருதியதால் ஆர்வமும் குன்றியது.

அந்தத் தோல்வியிலிருந்து விதிமுறைகள் பிறந்தன. வெவ்வேறு சூட்டையும் நேரத்தையும் 43 டிகிரியில் கழிந்த நிமிடங்களாக மாற்றும் கணக்கை 1984இல் சபரெட்டோவும் டூயியும் வகுத்திருந்தனர். 1989இல் ஐரோப்பாவும் 1990இல் ஆர்.டி.ஓ.ஜி.யும் தர வழிகாட்டிகளை வெளியிட்டன. தசையின் மின்பண்பை ஒத்த மாதிரிப் பொருளில் கருவியைச் சோதிப்பது, உணரிகளைச் சரிபார்ப்பது, கட்டிக்குள் பல இடங்களில் அளந்து பதிவுசெய்வது ஆகியவை நடைமுறையாயின.

பலன் பின்னர் தெரிந்தது. 2000இல் வெளியான டச்சு ஆய்வில், கருப்பைவாய்ப் புற்றுள்ளோரில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதத்தினரும், வெப்பமும் சேர்த்துப் பெற்றவர்களில் 51 சதவீதத்தினரும் மூன்றாண்டுகள் உயிருடன் இருந்தனர். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம், கட்டி சூடேறுமா என்று முதலில் சோதித்து, சூடேறிய 109 பேரை மட்டுமே ஆய்வில் தொடர்ந்தது. 2005இல் வெளியான முடிவின்படி, போதிய வெப்பம் பெற்றவர்களில் 66 சதவீதத்தினருக்குக் கட்டி முழுதும் மறைந்தது. சோதனைக்குப் பின் மேலும் வெப்பம் பெறாத மற்றவர்களில் இது 42 சதவீதம். ஆனால் ஆயுளில் வேறுபாடு தெரியவில்லை.

இன்று எம்.ஆர்.ஐ. கருவி, உடலைத் துளைக்காமலே உள்வெப்பத்தைப் படமாகக் காட்டுகிறது. அளவு தெரியாமல் எந்த மருத்துவரும் மருந்து கொடுப்பதில்லை. வெப்பத்துக்கும் அதே விதிதான் பொருந்தும்.