டிரைவர் இல்லாமல் ஓடும் பிரிண்டர்

தவணைப் பரீட்சைக்கு முதல்நாள் இரவு வினாத்தாள் அடிக்க உட்கார்ந்த ஆசிரியர்களுக்கு இது புரியும். பிரிண்டர் நன்றாகத்தான் இருக்கும். டிரைவர் சீடியைத்தான் காணக் கிடைக்காது. எங்கள் லப்டொப்பில் லினக்ஸ் போட்ட பிறகு சீடி கிடைத்தும் பயனில்லை, அது விண்டோஸுக்கு மட்டுமானது.

போன மாதம் வைஃபை உள்ள புதிய பிரிண்டர் ஒன்று வந்தது. எதையும் நிறுவவில்லை. அதன் பெயர் தானாகவே திரையில் வந்து நின்றது. ஏன் என்று தேடினோம்.

1980 அளவில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுகூடம் ஒன்றுக்கு ஸெரொக்ஸ் கம்பனி ஒரு லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. அதில் அடிக்கடி கடதாசி சிக்கும். பழைய பிரிண்டருக்கு ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலைத் திருத்தி, சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி செய்திருந்தார். புதியதற்கும் அப்படிச் செய்ய மூலநிரல் வேண்டும். அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தவர், யாருக்கும் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார். 1983இல் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் இந்தக் கோபமும் இருந்தது. 1991இல் லினக்ஸ் வந்து அதனோடு சேர்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், பிரிண்டரில் தொடங்கிய இந்தக் கதையில் பிரிண்டர் தொல்லை மட்டும் தீரவில்லை. மொடலுக்கு மொடல் வேறு மொழி. பல கம்பனிகள் அதை வெளியே சொல்லவில்லை. ஆர்வலர்கள் ஊகித்து ஊகித்து டிரைவர் எழுதினார்கள். 1999இல் மைக்கல் ஸ்வீட்டின் கப்ஸ் மென்பொருள் வந்தது. ஐபிபி என்ற பொது நெறிமுறையே அதற்கு அடிப்படை. 2002இல் அப்பிளும் தன் கணினிகளுக்கு அதை எடுத்துக்கொண்டது.

திருப்பம் 2010இல். ஆயிரக்கணக்கான டிரைவர்களை ஐபோனில் ஏற்ற முடியாது. அதனால் அப்பிள் எயார்பிரின்ட்டைக் கொண்டுவந்தது. பிரிண்டரே பொது மொழி பேச வேண்டும் என்றாயிற்று. ஐபோன்காரர்களை இழக்க விரும்பாத கம்பனிகள் அதைக் கற்றுக்கொண்டன. 2013இல் ஐபிபி எவ்ரிவேர் என்ற திறந்த தரமும் வந்தது. இப்போது பிரிண்டர் வலையமைப்பில் தன்னைத் தானே அறிவிக்கிறது. என்ன அளவுக் கடதாசி, நிறம் உண்டா, இரு பக்கமும் அடிக்குமா என்று கணினி கேட்டறிந்து பக்கத்தை அனுப்புகிறது. ஸ்கேனுக்கும் இதே வழிதான். லினக்ஸில் அதற்கு சேன் எயார்ஸ்கேன் இருக்கிறது.

லினக்ஸ்காரர்கள் வருடக்கணக்காகக் கேட்டும் கிடைக்காதது ஐபோனுக்காகக் கிடைத்தது. எங்களுக்கு அதில் கொஞ்சம் மனக்கசப்புத்தான். ஸ்டால்மன் கேட்ட மூலநிரலோ இன்றும் பெரும்பாலான பிரிண்டர்களுக்குள் பூட்டியபடியே இருக்கிறது.

பாடசாலைக்கு வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் எயார்பிரின்ட் அல்லது மொப்ரியா அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.