மறுசேர்க்கை மேல்தோல் வளர்ச்சிக் காரணி

தோல் செல்களைப் பெருகத் தூண்டும் சிறு புரதம். 53 அமினோ அமிலங்களும் 3 டைசல்பைடு பிணைப்புகளும் கொண்டது; ஆய்வுக்கூடங்களில் இ.ஜி.எஃப். என்றே வழங்கும். மனித மரபணுவை நுண்ணுயிரில் புகுத்தித் தயாரிக்கும் மறுசேர்க்கை வடிவம் செல் வளர்ப்புக்குப் பயன்படுகிறது. ஐதராபாத்தில் இது ஆறாப் புண்ணுக்கு மருந்தாகவும் ஆனது.

1950-களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஸ்டான்லி கோஹன், ரீட்டா லெவி-மொந்தால்சினியுடன் சேர்ந்து நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தேடிவந்தார். ஆய்வுக்கு எடுத்த சாற்றிலிருந்த நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கப் பாம்பு நஞ்சைச் சேர்த்தபோது, நஞ்சிலேயே அக்காரணி மிகுந்திருப்பது தெரிந்தது. பாலூட்டிகளில் நஞ்சுச் சுரப்பிக்கு இணையானது உமிழ்நீர்ச் சுரப்பி. எனவே தேடல் ஆண் சுண்டெலியின் தாடையடி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு நகர்ந்தது. அந்தச் சுரப்பிச் சாற்றைப் புதிதாகப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசியில் செலுத்தியதும் எதிர்பாராத ஒன்று நடந்தது. இரண்டு வாரத்தில் திறக்க வேண்டிய கண்கள் ஒரே வாரத்தில் திறந்தன. முன்பற்களும் முந்தி முளைத்தன. நரம்புக் காரணியால் இது நிகழ்ந்திருக்க முடியாது என்று கண்ட கோஹன், காரணமான புரதத்தைப் பிரித்தெடுத்து 1962-இல் அறிவித்தார்.  கோஹன், லெவி-மொந்தால்சினி இருவருக்கும் 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது. நரம்பு வளர்ச்சி ஆய்வில் முன்னோடியான விக்டர் ஹாம்பர்கர் விடுபட்டது சரியா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

இ.ஜி.எஃப்.-இன் மனித வடிவம் சிறுநீரிலிருந்து கிடைத்தது. 1975-இல் அதன் அமைப்பு வெளியானது. 1977-இல் இக்காரணி மனிதத் தோல் செல்களின் வளர்ப்பை நீட்டிப்பது நிறுவப்பட்டது. 1982-இல் செயற்கை மரபணு பாக்டீரியாவில் ஏற்றப்பட்டது. ஒரு மில்லிலிட்டர் வளர்ப்பு ஊடகத்துக்கு 10 முதல் 20 நானோகிராம் சேர்ப்பது இப்போது வழக்கம்.

ஐதராபாத்தில் இதை மருந்தாக்கியது பாரத் பயோடெக். திருத்தணி அருகே பிறந்த கிருஷ்ணா எல்லாவும் சுசித்ரா எல்லாவும் 1996-இல் தொடங்கிய நிறுவனம் இது. பின்னாளில் ஜீனோம் வேலி எனப் பெயர்பெற்ற பகுதியில் அமைந்தது. அதன் ரீஜென்-டி 150 ஜெல்லில் ஒரு கிராமுக்கு 150 மைக்ரோகிராம் புரதம் உள்ளது. சர்க்கரை நோயாளியின் காலில் இறந்த சதையை அகற்றி, உப்புநீரால் கழுவி, நாளைக்கு இருமுறை மெல்லியதாகப் பூசுவார்கள். சென்னையைச் சேர்ந்த விஜய் விஸ்வநாதன் குழு நடத்திய மூன்றாம் கட்ட ஆய்வின் முடிவுகள் 2006-இல் வெளியாயின; புண் விரைவாக ஆறியதாக அவை கூறின. கியூபா அதே ஆண்டு ஹெபர்ப்ராட்-பி என்ற ஊசி மருந்தைப் பதிவு செய்தது. அது புண்ணுக்குள்ளேயே செலுத்தப்படுவது.

சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணில் வளர்ச்சிக் காரணிகளின் பலன் குறித்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் தொகுப்பாய்வு 2015-இல் தயக்கமே காட்டியது: ஆய்வுகள் பல இருந்தும் தரம் போதவில்லை என்றது. பல புற்றுநோய்களில் இ.ஜி.எஃப். வந்து இணையும் செல் ஏற்பி மிகைப்படுவதால், கட்டி உள்ள இடத்தில் பூசுவதைத் தவிர்ப்பது பொது வழக்கம். அதே ஏற்பியைத் தடுக்கும் செட்டுக்சிமாப் புற்றுநோய் மருந்தாக விளங்குகிறது.