ஸ்டே என்பது வெற்றியல்ல

அடியேன் சந்திரகிரிப் பக்கம் அரசுப் பணியில் சேர்ந்த புதிது. நிலத் தகராறு ஒன்றில் கீழ்க்கோர்ட்டில் தோற்ற பெரியவர் ஒருவர், மேல்கோர்ட்டில் ‘ஸ்டே’ வாங்கிய கையோடு ஆபீசுக்கு வந்து எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். “ஜெயித்துவிட்டேன்” என்று தெலுங்கில் சொல்லிப் பூரித்தார். எங்கள் மேலதிகாரி, “நிலம் கைமாறுவதுதான் நின்றிருக்கிறது, வழக்கு நிற்கவில்லை” என்றார். இரண்டு வருஷம் கழித்து அப்பீலிலும் பெரியவர் தோற்றார்.

அந்த நாட்களில்தான் தேசமே ஒரு ஸ்டேயைப் பற்றிப் பேசியது. 1971 தேர்தலில் ரேபரேலியில் இந்திரா காந்தி வென்றதை எதிர்த்து ராஜ் நாராயண் தொடர்ந்த வழக்கு அது. 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் ஹைகோர்ட் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா அந்தத் தேர்தல் செல்லாது என்றார். 6 ஆண்டுகள் தேர்தலில் நிற்கவும் தகுதியில்லை என்றார். அரசு ஊழியர்களைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தியதே காரணம். அப்பீல் செய்துகொள்ள வசதியாகத் தம் தீர்ப்பைத் தாமே 20 நாட்கள் நிறுத்தியும் வைத்தார்.

சுப்ரீம் கோர்ட்டில் அப்போது கோடை விடுமுறை. விடுமுறைக்கால நீதிபதியாக இருந்தவர் வி.ஆர். கிருஷ்ணய்யர், பாலக்காட்டு வைத்தியநாதபுரத்தில் 1915-ல் பிறந்த நம்மவர். சட்ட மந்திரி கோகலே நேரில் சந்திக்க விரும்பியபோது, மனுவை முறைப்படி ரிஜிஸ்ட்ரியில் தாக்கல் செய்யும்படி சொல்லிவிட்டதாகப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். இந்திராவுக்காக நானி பால்கிவாலாவும், ராஜ் நாராயணுக்காக சாந்தி பூஷணும் வாதாடினார்கள்.

ஜூன் 24 அன்று வந்த உத்தரவு இரு தரப்பும் கேட்டதல்ல. முழு ஸ்டே இல்லை, நிபந்தனையுடன்தான். அப்பீல் முடியும்வரை அவர் பிரதமராக நீடிக்கலாம், சபையில் பேசலாம், ஆனால் எம்.பி. என்ற முறையில் ஓட்டுப் போடவோ சம்பளம் வாங்கவோ கூடாது. மறுநாள் டெல்லி ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண் பேசிய கூட்டத்தில் ராஜினாமா கோரிக்கை எழுந்தது. அன்றிரவே எமர்ஜென்சி. பால்கிவாலா அந்த வழக்கிலிருந்து விலகிக்கொண்டார்.

நவம்பர் 7 அன்று சுப்ரீம் கோர்ட் அந்தத் தேர்தல் செல்லும் என்றது. இடையில் தேர்தல் சட்டம் முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டிருந்தது. ஆனால் பிரதமர் தேர்தலைக் கோர்ட்டே விசாரிக்க முடியாதபடி செய்த அரசியல் சட்டத் திருத்தப் பிரிவு ரத்தாயிற்று.

அடியேன் பௌதிகம் படித்தவன். சோதனை முடியும்வரை மற்றவற்றை மாறாமல் வைத்துக்கொள்வோம். ஸ்டேயும் அதுதான். வீட்டை இடித்த பிறகு அப்பீலில் ஜெயித்து என்ன பயன்?

சொத்து வழக்கு உள்ள அன்பர்கள் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். அப்பீல் போட்டாலே தீர்ப்பு நின்றுவிடாது; ஸ்டேயைத் தனியே கேட்கவேண்டும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆவது ஆர்டர் 5-ஆவது விதிப்படி, பெரிய நஷ்டம் நேரும் என்று காட்டவேண்டும், காலதாமதமின்றி வரவேண்டும், தோற்றால் ஈடு செய்ய ஜாமீன் தரவேண்டும்.

ஸ்டே கிடைத்தால் ஸ்வாமிக்கு ஒரு நமஸ்காரம் போதும். லட்டைத் தீர்ப்பு வரும்வரை தள்ளி வைப்பதே விவேகம்.