பறவை வலசை ஆராய்ச்சி

வலசை என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு வழக்குகள் உண்டு. பகைவர் படைக்கு அஞ்சியோ பஞ்சத்துக்கு ஆற்றாமலோ குடிகள் தம் ஊரைத் துறந்து வேற்றுப் பிரதேசம் புகுதல் பழைய வழக்கு. பறவைகள் ஆண்டுதோறும், இனப்பெருக்கம் செய்யும் நிலத்துக்கும் குளிர்காலத்தைக் கழிக்கும் நிலத்துக்கும் இடையே கிரமமாகப் போய்வருதல் இக்கால உயிரியல் நூல்கள் அச்சொல்லுக்கு அளித்துள்ள பொருள். முன்னது திரும்பும் உறுதியில்லாத போக்கு. பின்னது மீட்சியையும் உள்ளடக்கியது. ஆயினும், பறவைகளின் பின்னே சென்ற ஆராய்ச்சியாளர்கள் யுத்தத்தாலும் அரசுகளின் பிணக்காலும் எத்தனை முறை தம் கருவிகளையும் குறிப்பேடுகளையும் எடுத்துக்கொண்டு இடம்பெயர நேர்ந்தது என்பதை நோக்குமிடத்து, அவ்வாராய்ச்சியின் வரலாற்றுக்கு இரண்டு பொருள்களுமே பொருந்தும் எனலாம்.

பறவைகள் குளிர்காலத்தில் எங்கே மறைகின்றன என்னும் வினா மிகப் பழமையானது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், சித்தியச் சமவெளிகளிலிருந்து எகிப்துக்குத் தெற்கேயுள்ள சதுப்புகள் வரையில் கொக்குகள் பிரயாணம் செய்வதைச் சரியாகவே குறித்தார். ஆனால் அவரே, தகைவிலான் குருவிகளுள் சில பொந்துகளில் இறகு உதிர்த்து ஒடுங்கிக் கிடக்கும் என்றும், ஒருவகைச் சிறு குருவி குளிர்காலத்தில் ராபினாக உருமாறிவிடும் என்றும் எழுதிவைத்தார். 1555-இல் ஸ்வீடன் நாட்டுப் பேராயர் ஒலாவுஸ் மாக்னுஸ் வெளியிட்ட நூலில், செம்படவர்கள் பனி மூடிய நீரிலிருந்து மீன்களோடு தகைவிலான்களையும் வலையில் வாரி எடுக்கும் சித்திரம் ஒன்று உண்டு. உயிரினங்களுக்கெல்லாம் பெயர் வகுத்த லின்னேயஸும் அந்நம்பிக்கையைக் கைவிடவில்லை. தமிழ்நாட்டில் இவ்வினா இத்தனை இடர் தரவில்லை போலும். சத்திமுற்றப் புலவர் செங்கால் நாரையைத் தூது விடுத்த தனிப்பாடலில், அந்நாரை தன் பெடையோடு குமரித்துறையில் ஆடி வடதிசைக்கு மீளும் என்பது ஐயத்துக்கு இடமில்லாத செய்தியாகவே எடுத்தாளப்படுகிறது. குளத்தடியில் குருவி உறங்குகிறதா என்று ஆராய வேண்டிய நிர்ப்பந்தம், அது புறப்பட்டுப் போகும் நாட்டில் இருந்தவர்களுக்கே ஏற்பட்டது. அது வந்து சேரும் நாட்டில் இருந்தவர்களுக்கு அன்று.

ஐரோப்பாவில் இந்தச் சந்தேகத்தை அசைத்த சம்பவம் 1822-இல் நிகழ்ந்தது. வட ஜெர்மனியின் மெக்லன்பர்க் பிரதேசத்தில் க்ளூட்ஸ் என்னும் ஊருக்கு அருகே சுடப்பட்ட செங்கால் நாரை ஒன்றின் கழுத்தில், ஆப்பிரிக்க மரத்தால் ஆகிய நீண்ட ஈட்டி ஒன்று ஊடுருவி நின்றது. ஆப்பிரிக்காவில் எறியப்பட்ட ஈட்டியைச் சுமந்துகொண்டே ஐரோப்பா வரை பறந்து வந்த அந்நாரை இன்றும் ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில் பாடம் செய்து வைக்கப்பட்டிருக்கிறது. எல்லை கடந்த பிராணியொன்று தன் உடம்பிலேயே சாட்சியத்தைக் கொணர்ந்த முதல் நிகழ்ச்சிகளுள் இது ஒன்று.

இச்சாட்சியம் தற்செயலாய்க் கிடைத்தது. அதைத் திட்டமிட்டு உண்டாக்கியவர் டென்மார்க் நாட்டு வீபோர்க் நகரப் பள்ளி ஆசிரியரான ஹான்ஸ் கிறிஸ்தியன் மார்ட்டென்சென். 1899-இல் அவர் மைனாவின் உறவினமாகிய ஸ்டார்லிங் பறவைகள் 165-ஐப் பிடித்து, ஊர்ப்பெயரும் எண்ணும் பொறித்த அலுமினிய வளையங்களை அவற்றின் கால்களில் இட்டுப் பறக்கவிட்டார். பறவையை எவரேனும் எங்கேனும் கண்டெடுத்தால் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அதாவது, முகமறியாத அந்நியர்களின் நல்லெண்ணத்தையும் அஞ்சல் வண்டியையும் நம்பி நிற்கும் ஒரு விஞ்ஞானம் பிறந்தது. இரண்டே ஆண்டுகளில், அந்நாளில் கிழக்குப் பிரஷ்யாவைச் சார்ந்திருந்த ரோஸிட்டன் என்னும் செம்படவர் கிராமத்தில், பால்டிக் கடலுக்கும் காயலுக்கும் நடுவே நெடுகக் கிடக்கும் மணல்திட்டின்மேல், யோஹான்னெஸ் தீனெமான் பறவை ஆராய்ச்சி நிலையம் ஒன்றை அமைத்தார். வளையத்துக்காகவே மக்கள் பறவைகளைச் சுட்டு வீழ்த்துவார்கள் என்று அவர்மீது கண்டனங்கள் எழுந்தன. அவர் தம் முறையை விடவில்லை. அவருடைய வளையங்கள் அணிந்த நாரைகள் தென்னாப்பிரிக்கா வரையில் கண்டெடுக்கப்பட்டன. தகைவிலானைப் பற்றிய இரண்டாயிர ஆண்டுத் தகராறும் இவ்வகையிலேயே தீர்ந்தது: 1911 மே மாதத்தில் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் வளையமிடப்பட்ட தகைவிலான் ஒன்று, 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் அகப்பட்டது.

எங்கே போகின்றன என்பது தெளிந்ததும், எவ்வாறு வழி அறிகின்றன என்னும் வினா முன்வந்தது. கூண்டிலிட்ட ஸ்டார்லிங்குகள் சூரியனைக்கொண்டு திசையறிவதை 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மானியரான குஸ்தாவ் க்ராமர் காட்டினார். 1958-இல் டச்சுக்காரரான பெர்டெக் வெளியிட்ட பரிசோதனை இவற்றுள் மிக ரசமானது: ஹாலந்தைக் கடந்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கான ஸ்டார்லிங்குகளைப் பிடித்து விமானத்தில் ஸ்விட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டபோது, முன்பே ஒருமுறை சென்று பழகிய முதிய பறவைகள் பிழையைத் திருத்திக்கொண்டு தமக்குரிய வடமேற்கை நாடின, முதற் பிரயாணம் செய்யும் இளையவையோ பிறப்பிலேயே வாய்த்த திசையைப் பற்றிக்கொண்டு ஸ்பெயினுக்கும் தென் பிரான்ஸுக்கும் போய்ச் சேர்ந்தன. பின்னர், நட்சத்திர மண்டலத்தைக்கொண்டு திசையறிவதை எம்லென் கோளரங்கத்திலும், பூமியின் காந்தப் புலத்தை உணர்வதை வில்ட்ஷ்கோ ராபின்களைக்கொண்டும் நிறுவினர்.

இதற்கிடையே ரோஸிட்டன் நிலையத்துக்கு நேர்ந்தது கவனிக்கத்தக்கது. இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதியில் அந்த மணல்திட்டு சோவியத் ஆட்சிக்குட்பட, ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் தெற்கே போடன் ஏரிக்கரையிலுள்ள ராடால்ஃப்செல்லில் குடியேறினர். அவர்கள் நிலையம் பின்னர் மாக்ஸ் பிளாங்க் கழகத்தைச் சேர்ந்தது. கிராமத்தின் பெயர் ரிபாச்சி என்று மாறியது. 1956-இல் லெவ் பெலபோல்ஸ்கி அங்கே சோவியத் நிலையத்தைத் தொடங்கினார். ஒரே மணல்திட்டின்மேல் ஒரே பறவைகளுக்கு வேற்றுமொழி பொறித்த வளையங்கள் இடப்பட்டன.

இந்தியாவில் 1883-இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1927-இல் வளையமிடுதலை ஆரம்பித்தது. எனினும் அது பெருமுயற்சியாக உருப்பெற்றது 1959-க்குப் பிறகே. அதற்குக் காரணமோ பறவைப் பற்று அன்று, ஒரு நோய். 1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்து, மனிதரையும் காய்ச்சல் பற்றியபோது, அதன் கிருமி ருஷ்யாவில் உண்ணிகளால் பரவும் மூளைக்காய்ச்சல் கிருமிக்கு நெருங்கிய உறவினது எனக் கண்டனர். சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள் தம் உடலில் ஒட்டிய உண்ணிகளோடு நோயையும் கொணர்ந்தனவோ என்ற அனுமானத்தை ஆராயும்பொருட்டு, உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் உதவியோடு சாலிம் அலி வலசைத் திட்டத்தைத் தொடங்கினார். பறவைகள்மேல் சுமத்திய பழி நிலைநாட்டப்படவில்லை. ஆனால் பரத்பூரிலும் பிறவிடங்களிலும் வளையமிட்ட வாத்துகள் மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் அகப்பட்ட செய்திகள் வந்து குவிந்தன. அமெரிக்க இராணுவத்தின் பொருளுதவியோடு எலியட் மெக்ளூர் 1963 முதல் 1971 வரை ஆசியா முழுவதும் நடத்திய பெருந்திட்டத்திலும் இக்கழகம் பங்குகொண்டது. பறவைகளும் உண்ணிகளும் கிருமிகளும் அந்நிய இராணுவமும் ஒரே ஏட்டில் இடம்பெறவே, கிருமி யுத்தத்துக்கான ஒத்திகையோ இது என்ற கூக்குரல் 1970-களின் நடுவில் பத்திரிகைகளில் எழுந்து, பாராளுமன்றப் பொதுக்கணக்குக் குழு வரையில் சென்றது. உள்ளான் ஒன்றின் காலில் இட்ட வளையம் இத்தனை ராஜதந்திரப் பாரத்தைத் தாங்கும் என்று மார்ட்டென்சென் எண்ணியிருக்க மாட்டார்.

தமிழ்நாட்டில் இப்பணிக்கு நிலையான இடம் கோடியக்கரை. 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அவ்விடத்து உப்பளச் சேறுகளில், கொசு உள்ளான் முதலிய சிறு கரைப்பறவைகள் இரவில் வலையிட்டுப் பிடிக்கப்பட்டு, எடையும் அலகின் நீளமும் குறிக்கப்பட்டு, வளையத்தோடு விடப்பட்டன. கையில் ஒரு பிடிக்குள் அடங்கும் அவை ஆர்க்டிக் பிரதேசத்தில் குஞ்சு பொரித்தவை.

எல்லைகளும் சுற்றுப்புற மாறுதலும் சேர்ந்து ஒரு பறவைக் கூட்டத்தை எவ்வாறு அழிக்கக்கூடும் என்பதற்கு, சைபீரியக் கொக்கின் மத்திய ஆசியக் கூட்டமே மிக முற்றிய உதாரணம். 1965-ஐ ஒட்டிப் பரத்பூரில் ஏறத்தாழ 200 கொக்குகள் குளிர்காலம் கழித்தன. சேற்றில் அலகை ஆழச் செலுத்திக் கோரைக்கிழங்கு தோண்டித் தின்னும் இப்பறவைக்கு ஆழங்குறைந்த நீர்நிலை இன்றியமையாதது. அவ்வகை நீர்நிலைகளோ வழிநெடுகக் குறைந்துகொண்டிருந்தன. 1970-களில் அமெரிக்க மாணவரான ரான் சாவி பரத்பூரில் தங்கி இவற்றின் நடத்தையை ஆராய்ந்தார். அவரும் ஜார்ஜ் ஆர்ச்சிபால்டும் 1973-இல் சர்வதேசக் கொக்கு ஸ்தாபனத்தை நிறுவினர். விசித்திரம் என்னவெனில், இவை கூடு கட்டும் இடம் அப்போதும் தெரிந்திருக்கவில்லை. 1981-இல்தான் ஓப் நதியின் கீழ்ப்பகுதியில் குனோவாத் ஆற்றுச் சதுப்பில் சோவியத் ஆராய்ச்சியாளர்கள் அதைக் கண்டனர். ஒரு முனையை அமெரிக்கரும் இந்தியரும், மறுமுனையை ருஷ்யரும் அறிந்தனர். நடுவே கிடந்த ஆஃப்கானிஸ்தானத்தில், கொக்குகள் இளைப்பாறும் ஆப்-இ-இஸ்தாதா ஏரியைச் சூழ்ந்து யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பாகிஸ்தானத்தின் வடமேற்கு மலைப்பள்ளத்தாக்குகளிலோ, நுனியில் பாரம் கட்டிய கயிற்றை வானில் வீசிக் கொக்குகளைச் சிக்கவைத்துப் பிடிப்பது தொன்றுதொட்ட வேட்டை முறை. எண்ணிக்கை ஆண்டுக்காண்டு தேய்ந்தது. அருகிய கொக்குகளின் முட்டைகளை வேறினக் கொக்கின் கூட்டில் வைத்தும், கூண்டில் வளர்த்த குஞ்சுகளைக் காட்டில் விட்டும் பார்த்தனர், பலனில்லை. வலசை செல்லும் வன உயிர்களைக் காக்க 1979-இல் பான் நகரில் செய்துகொண்ட உடன்படிக்கையின்கீழ், ஓரினத்துக்கென எழுதப்பட்ட முதல் ஒப்பந்தக் குறிப்பு 1993-இல் இக்கொக்குக்காகவே எழுதப்பட்டது. ஆனால் கையெழுத்துகள் காகிதத்தில் உலருமுன்பே கூட்டம் விரல்விட்டு எண்ணத்தக்கதாகிவிட்டிருந்தது. 2002-க்குப் பிறகு பரத்பூருக்கு ஒரு சைபீரியக் கொக்கும் வரவில்லை. முதியவற்றோடு பறந்தே இளையவை வழி கற்கும் இனமாதலால், கூட்டத்தோடு வழியும் மறைந்தது.

செயற்கைக்கோளுக்குச் செய்தி விடுக்கும் சிறு கருவிகள் வந்தபின், வளையத்தைக் கண்டெடுப்போரின் தயவு வேண்டாதாயிற்று. 2007-இல் அலாஸ்காவிலிருந்து புறப்பட்ட பட்டைவால் மூக்கன் ஒன்று, எட்டு நாள்களுக்கு மேல் எங்கும் இறங்காமல் 11,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் சமுத்திரத்தின்மேல் பறந்து நியூஜிலாந்தை அடைந்தது. 2022-இல் அதே இனத்தின் ஐந்து மாதக் குஞ்சு ஒன்று 13,560 கிலோமீட்டரை 11 நாள்களில் கடந்து தாஸ்மேனியாவில் இறங்கியது. நாகாலாந்தில் டோயாங் நீர்த்தேக்கத்தருகே 2012-இல் அமூர் வல்லூறுகள் பெருந்தொகையாய்க் கொல்லப்பட்ட செய்தி வெளியானதும், ஊரார் மனம் திரும்பி வேட்டையை நிறுத்த, மறு ஆண்டே மூன்று வல்லூறுகளுக்குக் கருவி பொருத்தி நாகா, பாங்டி, வோக்கா என்று பெயரிட்டனர். அவை அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா சேர்ந்ததை, தம் ஊர்ப்பெயர் தாங்கிய பறவையின் பிரயாணமாகவே கிராமத்தார் பின்தொடர்ந்தனர்.

பூமி வெப்பமடைவதன் விளைவுகள் இவ்வாராய்ச்சியை வேறு திசைக்குத் திருப்பின. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஹாலந்துக்கு வரும் ஈப்பிடிப்பான் ஒன்று, அங்கே வசந்தம் முந்திவிட்டதை அறிய வழியின்றிப் பழைய நாளிலேயே வந்து சேர்வதால், குஞ்சுகளுக்கு வேண்டிய கம்பளிப்புழுக்களின் பருவத்தைத் தவறவிடுகிறது என்று கிறிஸ்தியான் போட்டும் மார்சல் விஸ்ஸரும் 2001-இல் எடுத்துக்காட்டினர். மஞ்சள் கடலோரச் சேற்றுவெளிகளில் கொரியாவின் சேமங்கும் பகுதி, 33 கிலோமீட்டர் நீளச் சுவரால் 2006-இல் அடைக்கப்பட்டபோது, அங்கே இளைப்பாறிய உள்ளான்கள் பெருந்தொகையாய்க் குறைந்தன. இவற்றினும் நுட்பமானது, யான் வான் கில்ஸ் முதலியோர் 2016-இல் வெளியிட்ட முடிவு. ருஷ்யாவின் தைமீர் தீபகற்பத்தில் பனி ஆண்டொன்றுக்கு அரை நாள் வீதம் முந்தி உருகுவதால், பூச்சிகள் பெருகும் காலம் கழிந்தபின் பொரியும் ‘நாட்’ உள்ளான் குஞ்சுகள் உடல் சிறுத்தும் அலகு குறுகியும் வளர்கின்றன. அங்கே இக்குறையால் தீங்கு வெளிப்படுவதில்லை. ஆனால் அவை மாரிடானியாவின் கடற்கரைக்கு வந்து சேற்றை அகழும்போது, ஆழத்திலுள்ள சிப்பிகளைக் குட்டையான அலகு எட்டாமல், கடற்புல்லின் கிழங்கைத் தின்று பலவும் மடிகின்றன. ஆர்க்டிக்கில் நேர்ந்த மாறுதலுக்கு ஆப்பிரிக்காவில் சாவு நிகழ்கிறது. இரு முனைகளிலும் அளந்தாலன்றிக் காரணம் புலப்படாது.

ரோஸிட்டனிலிருந்து பெயர்ந்த நிலையத்தின் வழிவந்த ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள், மார்ட்டின் விகெல்ஸ்கியின் தலைமையில், பிராணிகளின் செய்திகளை விண்வெளியிலிருந்து வாங்கும் இக்காரஸ் திட்டத்தை ருஷ்யரோடு கூடி அமைத்தனர். அதன் ஆன்டெனா 2018-இல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் ருஷ்யப் பகுதியில் பொருத்தப்பட்டது. 2022 மார்ச் மாதத்தில், உக்ரைன் படையெடுப்பை அடுத்து, அந்தக் கூட்டுறவு நின்றது. அதே மார்ச்சிலும் ஏப்ரலிலும், முன்பே வேறு கருவிகள் பொருத்தப்பட்டிருந்த 19 பெரும்புள்ளிக் கழுகுகள், பெலாரூஸ் சதுப்புகளிலுள்ள தம் கூடுகளை நோக்கி உக்ரைன் வானில் நுழைந்தன. முந்தைய ஆண்டுகளில் 20 பிரயாணங்களுள் 18-இல் கழுகுகள் அந்நாட்டில் இறங்கி இளைப்பாறியிருந்தன. அவ்வாண்டு 6 கழுகுகளே இறங்கின. கழுகுகள் வழக்கமான பாதையை விட்டு விலகி, சராசரியாக 85 கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு வடக்கே போய்ச் சேர்ந்தன.