எதிர்மறைக் கலோரி உணவு

தான் தரும் ஆற்றலைவிடச் செரிமானத்திற்குக் கூடுதல் ஆற்றலைச் செலவழிக்க வைப்பதாக நம்பப்படும் உணவு. செலரி, வெள்ளரிக்காய், முட்டைக்கோஸ் போன்றவை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகின்றன. அறிவியல் இக்கருத்தை ஏற்பதில்லை.

உணவைச் செரிக்கவும் உறிஞ்சவும் சேமிக்கவும் உடல் செலவிடும் ஆற்றல் ‘உணவின் வெப்ப விளைவு’ எனப்படும். புரதம் தரும் ஆற்றலில் இது 20 முதல் 30 விழுக்காடு. மாவுச்சத்தில் 5 முதல் 10. கொழுப்பில் 0 முதல் 3. எதிலும் செலவு வரவை எட்டுவதில்லை.

செலரியில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீர். 100 கிராமில் சுமார் 15 கிலோகலோரியே உண்டு. 2019இல் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாடி ஓணான்களுக்குச் செலரி கொடுத்து அளந்தனர். அதன் ஆற்றலில் சுமார் 33 விழுக்காடு செரிமானத்திற்குச் செலவானது. 43 விழுக்காடு கழிவோடு வெளியேறியது. மீதி 24 விழுக்காடு உடலில் தங்கியது.

குளிர்ந்த நீரின் கணக்கு வேறு. 0 பாகை செல்சியசில் உள்ள 1 லிட்டர் நீர் உடல் வெப்பநிலையான 37 பாகைக்குச் சூடாகச் சுமார் 37 கிலோகலோரி தேவை; நீரிலோ கலோரியே இல்லை. ஆனால் அது உணவன்று.

செலரி போன்ற காய்கறிகள் எடை குறைக்க உதவுவது, குறைந்த கலோரியில் வயிற்றை நிரப்புவதால்தான்.