தோம்பும் திருவிருந்தும்

1760ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பகுதியில் கிறிஸ்தவர்களாகப் பதியப்பட்டிருந்தவர்கள் 1,82,226 பேர். அவர்களுள் விசுவாச அறிக்கை செய்து திருவிருந்தில் பங்குபெறும் அங்கத்தினராக இருந்தவர்கள் வெறும் 64 பேர். மன்னாரில் பதிவு 9,820, திருவிருந்துக்கு வந்தவர்கள் ஐவர். இலங்கைக் கிறிஸ்தவத்தின் வரலாற்றை 1850இல் எழுதிய எமர்சன் டென்னென்ட் இந்த எண்களைத் தருகிறார். ஒல்லாந்தர் ஆட்சி முடிந்த சில ஆண்டுகளிலேயே அந்தப் பெருந்தொகை கரைந்துபோனதை வைத்து, சீர்திருத்த சபையின் போதனை இந்த மண்ணில் எடுபடவில்லை என்று பலர் முடிவுகட்டினார்கள். அந்தப் போதனை அங்கே உண்மையில் சோதித்துப் பார்க்கப்பட்டதா என்பதே என் கேள்வி. ஒல்லாந்தக் கம்பனி நடத்திய ஏற்பாடு அந்தப் போதனையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது என்றே கருதுகிறேன்.

1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பனி, அவர்கள் வகுத்திருந்த கோயிற்பற்றுகளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. ஆலயமும் பள்ளிக்கூடமும் ஒரே வளவில் இயங்கின. பள்ளி ஆசிரியரான சட்டம்பியார் பிள்ளைகளுக்குச் செபங்களையும் பத்துக் கட்டளைகளையும் வினாவிடையையும் மனப்பாடம் செய்வித்தார். ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் தோம்பு என்ற பதிவேட்டில் எழுதியவரும் அவரே. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோர் தண்டம் கட்ட வேண்டும். திருமணம் பதியப்படாவிட்டால் பிள்ளைகளின் முதுசச் சொத்து சிக்கலுக்குள்ளாகும். அரசாங்க உத்தியோகம் வேண்டுமானால் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். ஞானஸ்நானம் பெற்றவர் பழைய சமயச் சடங்குகளில் கலந்துகொண்டால் சவுக்கடியும் சிறையும் என்று 1711இல் கட்டளையும் பிறந்தது. காணியும் பதவியும் இப்படி ஒரு பதிவேட்டில் தொங்கிக்கொண்டிருக்கும்போது, பிள்ளையைப் போதகரிடம் கொண்டுபோய் ஞானஸ்நானம் கொடுப்பித்துவிட்டு வீட்டில் பிள்ளையாருக்கு விளக்கேற்றிய குடும்பத்தைப் பொய்வேடக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசு கேட்டது பெயரை. அவர்கள் கொடுத்ததும் பெயரைத்தான்.

அந்தப் போதகர்கள் தங்கள் தாய்நாட்டுச் சபையில் கற்றிருந்தது இதற்கு முற்றிலும் வேறானது. ஜெர்மனியின் பலத்தினேற்று நாட்டு ஆட்சியாளர் மூன்றாம் பிரெடெரிக்கின் ஆணையால், இறையியலாளர் உர்சினுஸ் முதலியோர் உழைப்பில், 1563இல் வெளிவந்த ஹைடல்பெர்க் வினாவிடையே ஒல்லாந்தச் சபைகளின் அன்றாட இறையியல். 129 கேள்விகளும் 52 ஞாயிறுகளுக்குப் பகுக்கப்பட்டிருந்தன. ஞாயிறு பிற்பகல்தோறும் அதைப் பிரசங்கிக்க வேண்டும் என்று 1618–19இல் கூடிய அச்சபைகளின் டோர்ட் மாமன்றம் விதித்தது. மனிதனின் அவலம், மீட்பு, நன்றி என்பது அதன் வரிசை. இரட்சிக்கும் விசுவாசம் வெறும் அறிவாக மட்டும் நின்றுவிடுவதில்லை, கிறிஸ்துவினிமித்தம் என் பாவமும் மன்னிக்கப்பட்டது என்று உள்ளம் சாய்ந்து நம்புவது, அதைப் பரிசுத்த ஆவியானவரே சுவிசேஷத்தின் வழியாக உண்டாக்குகிறார் என்று அது கற்பிக்கிறது. இதைவிட நுட்பமான ஒன்றும் அதில் உண்டு. பத்துக் கட்டளைகளின் விளக்கம் மூன்றாம் பகுதியில், நன்றி என்ற தலைப்பின்கீழ் வருகிறது. மன்னிக்கப்பட்டவன் தன் நன்றியைக் காட்டும் வழியாகவே அங்கே கட்டளை வைக்கப்பட்டிருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ கட்டளை முதலில் வந்தது, தண்டம் அடுத்து வந்தது, நம்பிக்கை எப்போதாவது பின்னால் வந்துசேரும் என்று விடப்பட்டது.

கிருபையால் மட்டுமே இரட்சிப்பு என்று போதித்தால் மக்கள் நடத்தையில் அசட்டையாகிவிடுவார்கள், யாழ்ப்பாணத்தில் நடந்ததும் அதுவே என்று ஒரு வாதம் உண்டு. அந்த ஐயத்தை வினாவிடையே தன் 64ஆம் கேள்வியாக எழுப்பி, மெய்யான விசுவாசத்தால் கிறிஸ்துவோடு இணைக்கப்பட்டவர் நன்றியின் கனி கொடாமல் இருக்க முடியாது என்று பதில் தருகிறது. கம்பனிக் காலத்து எண்களும் இந்த வாதத்துக்கு எதிராகவே நிற்கின்றன. ஆள்தொகைதான் போதகர்களின் குறி என்றால், திருவிருந்தின் கதவைத் திறந்துவிட்டிருக்கலாம், அவர்கள் திறக்கவில்லை. சபை ஒழுங்கு மெய்யாகவே நடந்த ஓரிடம் அதுதான். ஆனால் திருவிருந்தில் காட்டிய கண்டிப்பை அதே கைகள் ஞானஸ்நானத்தில் காட்டவில்லை. அந்தப் பழி போதகர்களைச் சாரும். கம்பனியின் தலையில் முழுவதையும் சுமத்திவிட முடியாது.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது. அரசின் வற்புறுத்தல் இந்த மரபுக்கு அந்நியமானதா? கீடோ தெ பிரே 1561இல் எழுதிய பெல்ஜிய விசுவாச அறிக்கையின் 36ஆம் பிரிவு, விக்கிரக ஆராதனையை அகற்றுவதும் அரசரின் கடமை என்றே சொன்னது. ஆகவே யாழ்ப்பாணக் கட்டளைகளை வணிகரின் பேராசை என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. மரபுக்குள்ளேயே இரண்டு குரல்கள் இருந்தன. ஆவியானவர் உள்ளத்தில் செய்வதை வாள் செய்ய முடியாது என்ற முடிவுக்கு வினாவிடையின் குரலைக் கூர்ந்து கேட்டவர்கள் எப்படியும் வந்தாக வேண்டும். 1905இல் நெதர்லாந்தின் சீர்திருத்த சபைகள் அந்த வரியை அறிக்கையிலிருந்தே நீக்கின. யாழ்ப்பாணத்துக்கு அது மிகவும் பிந்தி வந்த திருத்தம்.

எதுவும் மிஞ்சவில்லை என்பதும் சரியன்று. 1723இல் கொழும்பில் பிறந்து, அங்குள்ள செமினரியில் பயின்று, 1750இல் குருத்துவ அபிஷேகம் பெற்ற பிலிப்பு தெ மெல்லோ புதிய ஏற்பாட்டைத் தமிழில் தந்தார். 1759இல் அது கொழும்பில் அச்சேறியது. உத்தியோகத்துக்காகப் பெயர் கொடுத்த ஒருவர் வாழ்நாளை இப்படிச் செலவிடமாட்டார். 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததோடு பதிவின் பயன் போயிற்று, கூட்டமும் போயிற்று. 1816இல் அமெரிக்க மிஷனரிகள் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் ஒல்லாந்தர் காலத்துப் பாழடைந்த ஆலயங்களிலேயே தங்கள் வேலையைத் தொடங்கினார்கள். அவர்களும் அதே சீர்திருத்த மரபில், கால்வின் வழி வந்தவர்களே. கொடுக்க அவர்களிடம் பதவி இல்லை. ஆங்கிலக் கல்வி இருந்தது, அதுவும் ஒரு பெரிய இழுப்புத்தான். ஆனாலும் ஒருவரின் மனமாற்றத்தை விசாரித்து அறிந்த பிறகே சபையில் சேர்த்தார்கள். அவர்களுடைய பள்ளிகளில் ஆயிரக்கணக்கானோர் படித்தபோதும் சபை அங்கத்தினர் நெடுங்காலம் சில நூறு பேரே. அந்தச் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனமாயின. வட்டுக்கோட்டை ஆலயம் இன்று அதன் பேராலயம்.